வேன் டயர் போட்ட கார்

எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியது என் மனைவி. நான் இல்லை. இப்போது சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் இதைச் சொன்னால், கேட்பவர் முதலில் என்னைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார், பிறகு மறுபடி என் பக்கம் திரும்பி, அப்படியானால் நீ என்ன செய்கிறாய் என்று கேட்பார். ரயில்வேயில் சக்கரம் தட்டுகிறேன் என்பேன். அதைக் கேட்டதும் அவருக்குக் குழப்பம் இன்னும் கூடிவிடும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டை யார்டில் நிற்கும் கூட்ஸ் வண்டிகளின் ஓரமாக, நீளக் காம்பு வைத்த ஒரு சுத்தியலோடு நடக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. கணீரென்று ஒலித்தால் நல்ல சக்கரம். சத்தம் அமுங்கி வந்தால் எங்கோ விரிசல். அந்த வேகனைச் சாக்பீஸால் குறித்து ஒதுக்கிவிட வேண்டும். ரயில் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்துக்கும் டயர் என்றுதான் பெயர். அதன் கனத்தை அளக்க என் பையில் ஒரு கேஜ் இருக்கும். கனம் இருந்தால் ஆயுசு இருக்கிறது, கனம் குறைந்தால் ஆயுசு முடிகிறது. டயர் என்ற ஒரு சொல்லோடு பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அவள் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. அவளுடைய அப்பா லாரி டிரைவர். மணலியில் ஆலைகள் முழுக்க வருவதற்கு முன்னால், அங்கிருந்த வெட்டவெளியில் அவளுக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார். கம்பெனியில் இருந்த வெள்ளைக்கார என்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் காரை யாருக்காவது மலிவாக விற்றுவிட்டுப் போக நினைத்தார். ஆபீசில் இருந்த ஆண்கள் எல்லோரும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்களாம். இவள் மட்டும் யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தெருவுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும்.

நாலு பேர் உட்காரக்கூடிய கார்தான். ஆனால் குடும்பக் காருக்கு உரிய அடக்கம் அதனிடம் கிடையாது. தரையை ஒட்டித் தாழ உட்கார்ந்திருக்கும். முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக மல்லாந்து திறக்கும். மற்ற கார்கள் முன்னும் பின்னும் நகர்ந்து அல்லாடும் எங்கள் தெருவில், இது குழாயடிக்குப் பக்கத்தில் ஒரே சுற்றில் திரும்பிவிடும். அவள் அப்படித் திரும்புவதைப் பார்ப்பதற்கென்றே தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் வாசலில் நின்று பார்க்கிற பெருமை வேறு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிற அனுபவம் வேறு. அவள் வேகமாக ஓட்டுவாள்.

காலையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அவளுடைய ரோடு. வலது பக்கம் கடல், இடது பக்கம் ஆலைகள். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி ஒரு நாள் என்னிடம் சொன்னாள். வீட்டில் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆபீசில் யாராவது எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அந்த அரை மணி மட்டும்தான் தன்னுடையது என்று. நான் உம் கொட்டினேன். ஆனால் நன்றாகவே கேட்டுக்கொண்டேன். அதனால்தான் பிறகு நான் செய்த காரியம் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஐப்பசி மழையில் அது நடந்தது. நாலு டயரும் மொட்டையாகியிருந்தன. திருவொற்றியூர் வளைவில் கார் சறுக்கி, ரோட்டோரம் கொட்டியிருந்த மணல்மேட்டில் மோதி நின்றிருக்கிறது. காருக்கும் அவளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை அவள் சிரித்துக்கொண்டே, மீன்குழம்பில் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். கார் பாதிச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றுவிட்டதாம். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குச் சம்பளம் கொடுப்பதே எது உடையும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதற்குத்தான். தடம் புரண்ட வேகன்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று முதல் அவள் வீடு திரும்பும் நேரம் ஐந்து நிமிஷம் தாண்டினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்குப் போவேன், உள்ளே வருவேன், மறுபடி வாசலுக்குப் போவேன். கார் வந்ததும் ஒன்றும் தெரியாதவன் போல பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டயர் மாற்றியாக வேண்டும் என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. ஒரு வாரத்தில் மழை வலுத்ததும், இனி மொட்டை டயரோடு ஓட்ட மாட்டேன், நல்ல டயர் கிடைக்கும் வரை பஸ்தான் என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் கார் டயர் நினைத்த மாத்திரத்தில் கிடைக்காது. மூலக்கொத்தளத்தில் ஒரு பாய் வைத்திருந்த டயர் கடையில் சொல்லி வைத்திருந்தோம். சரக்கு வந்துவிட்டது என்று அவர் ஆள் விட்டபோது அவளுக்கு ஆபீசில் மாதக் கடைசி வேலை. எனக்கோ வார ஓய்வு. காலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் காரைக் கடையில் விட்டுவிட்டு அவள் பஸ் ஏறிவிடுவது, நான் பத்து மணிக்குப் போய் டயர் பார்த்து மாட்டச் சொல்வது, சாயங்காலம் அவள் வந்து எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

டயரின் அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். எப்படிப்பட்ட டயர் வேண்டும் என்பதையும் சொன்னாள். ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும், நகத்தை வைத்து அழுத்தினால் தடம் விழ வேண்டும், மேலே வெட்டியிருக்கும் கோடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சக்கரத்தப் பத்தி உனுக்கு நான் இன்னா சொல்றது. பாத்து எடு" என்றாள். வெளியாட்கள் முன்னால் நீங்க, வீட்டுக்குள் நீ. அதுதான் அவள் வழக்கம்.

நான் சுத்தியலும் கேஜுமாகக் கடைக்குப் போனேன்.

பாய் இரண்டு விதமாக எடுத்துப் போட்டார். ஒன்று அவள் சொன்னது போலவே இருந்தது. மெத்தென்ற ரப்பர், நெருக்கமான கோடு, தூக்கினால் லேசு. இன்னொன்று அதே அளவு ரிம்மில் ஏறக்கூடிய வேன் டயர். பட்டன் பட்டனாகத் தடித்த ரப்பர், பக்கச் சுவர் விறைப்பு, தூக்குவதற்கு இரண்டு கை வேண்டும். நான் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். எதைத் தட்டினாலும் தொப்பு தொப்பென்றுதான் கேட்டது. என் உத்தியோகக் கணக்குப்படி அந்தக் கடையில் இருந்த அத்தனை டயரையும் சாக்பீஸ் போட்டு ஒதுக்கியிருக்க வேண்டும். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். சுத்தியலைப் பையில் போட்டுவிட்டு கேஜை எடுத்தேன். வேன் டயரின் கனம் மற்றதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது.

பாய் நல்ல மனுஷர். வேன் டயர் பாரம் தூக்குவதற்குச் செய்தது, இந்தக் காருக்குப் போட்டால் ஓட்டுவதற்குச் சுகம் இருக்காது, ஸ்டீரிங் கனக்கும், ரோட்டில் உறுமும் என்று மூன்று தடவை சொன்னார். அம்மா மெத்தென்ற டயர்தானே கேட்டார்கள் என்றும் ஞாபகப்படுத்தினார். கனம்தான் ஆயுசு என்று நான் அவருக்கே பாடம் நடத்தினேன். ரயில்காரன் புத்தி அப்படித்தான் போகும் என்று யாரும் என்னை மன்னித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. பையன்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் பாயின் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டேன்.

"எதப் போட்டா வண்டி வேகமா போவாது, பாய்?"

வேகமாகப் போக எது வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு, இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை என்றார். பிறகு வேன் டயரைக் காலால் லேசாகத் தள்ளிக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். டயர்களைக் குனிந்து பார்த்தாள். கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினாள். தடம் விழவில்லை. இன்னொரு டயரில் அழுத்தினாள். அதிலும் விழவில்லை. ரொம்பக் கனமாக இருக்கிறதே என்றாள். அதுதான் நல்லது என்று கனத்தையும் ஆயுசையும் பற்றி நான் பேசினேன். பாய் உள்ளே போய் ஏதோ தேடுவது போல நின்றுகொண்டார். கடையில் வேறு ஆட்கள் இருந்ததால், "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

தெருவுக்கு வந்ததும் குழாயடியில் வழக்கம் போல ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தாள். பாதிச் சுற்றில் டயர் மட்கார்டின் உள்பக்கம் உரசி, கர்ரென்று ஒரு சத்தம். கார் திரும்பவில்லை. பின்னால் எடுத்தாள், மறுபடி முன்னால் விட்டாள், மறுபடி பின்னால் எடுத்தாள். பெண்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள். ஒருத்தி, இன்னா ஆச்சு வண்டிக்கு என்று கேட்டாள். புது டயர், பழகிவிடும் என்று நான் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியான நாட்கள். கார் மெதுவாகத்தான் போயிற்று. முப்பதைத் தாண்டினால் உறுமல் தாங்காது. கொஞ்ச நாளில் பெட்ரோல் விலை ஏறியதும், இனிமேல் வாரத்தில் ஒரு நாள்தான் கார், மற்ற நாள் பஸ் என்று அவளே சொன்னாள். விலை ஏறியது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் நானும் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி. அவள் திரும்பும் நேரம் பத்து நிமிஷம் தாண்டினாலும் இப்போது நான் வாசலுக்குப் போகவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், கொஞ்சம் சதைகூடப் போட்டேன். இப்படியே மூன்று மாதம் போனது.

ஒரு நாள் காலையில், ஆலைகளுக்குப் பிரியும் சைடிங் தண்டவாளம் ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு கூட்ஸ் நின்றுவிட்டது. கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரிகளும் சைக்கிள்களும் ஒரு பஸ்ஸும் காத்திருந்தன. நான் வேகன்களின் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனேன். இரண்டு வேகன்களுக்கு இடையில் இருந்த சந்தில் நிமிர்ந்து பார்த்தால், பஸ்ஸின் ஜன்னல் ஓரத்தில் அவள். என்னை அவள் பார்க்கவில்லை. மடியில் டிபன் பை. பக்கத்தில் நின்ற ஆளின் முழங்கை அவள் தலைக்கு மேல். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போதே அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கார்ச் சாவியைக் கையில் எடுத்ததும் புருவம் கொஞ்சம் மேலே போகும். உதட்டின் ஒரு ஓரம் சிரிப்புக்குத் தயாராக இருக்கும். பஸ்ஸில் பார்த்தது அந்த முகம் இல்லை. கூட்ஸ் நகர்ந்தது, கேட் திறந்தது, பஸ் போய்விட்டது. கடைசி இரண்டு வேகன்களைத் தட்டினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, யார்டு வரை நடந்து போய் மறுபடி தட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும், கடலோரமாக ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்டேன். நானாகக் காரில் ஏறக் கேட்டது அதுவே முதல் தடவை. அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள். புருவம் மேலே போகவில்லை. காசிமேடு தாண்டுவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இழுத்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. ரோட்டில் இருந்த ஒவ்வொரு கல்லும் முதுகில் வந்து இடித்தது. கீழேயிருந்து ஒரு உறுமல் ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் மூன்று மாதமாக இந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருந்திருக்கிறேன். எப்படி இருக்கிறது வண்டி என்று கேட்டேன். நல்லாத்தான் கீது என்றாள். என் மனசு நோகக்கூடாது என்று அப்படிச் சொன்னாள். அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

டயரை மாற்றிவிடலாம், ரயில் டயர் பார்க்கிற கண்ணால் கார் டயரைப் பார்த்துவிட்டேன் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பெட்ரோல் பேச்சையே அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. ரயில்காரன் புத்தி என்று என் தலையில் செல்லமாகத் தட்டினாள். பாதி உண்மையைச் சொல்லி முழு மன்னிப்பு வாங்கிக்கொண்டேன். மீதிப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை.

பாயிடம் சொல்லி வைத்தோம். பத்து நாளில் அவள் கேட்ட மாதிரி டயர் நாலு வந்து சேர்ந்தது. வேன் டயர்களை மாத்தூரிலிருந்து காய்கறி ஏற்றிவரும் ஒரு வேன்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து போனோம். நான் சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அவள் ஒவ்வொரு டயராக உருட்டி நிறுத்தி, ஓரத்தை வளைத்துப் பார்த்து, நகத்தால் அழுத்தி, ரப்பரை மோந்துகூடப் பார்த்தாள். ஒன்றின் பக்கச் சுவரில் லேசாக ஒரு வெடிப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, அதை மாற்றித் தரச் சொன்னாள். நான் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பேன்.

பாய்க்கு அவள் பார்க்கிற நேர்த்தி பிடித்துப்போனது. சந்தோஷத்தில் பேச ஆரம்பித்தார். என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"சாருக்கு உங்க மேல உசுரும்மா. அன்னிக்கு இன்னா கேட்டாரு தெரியுமா? வேகமா போவாத டயரா பாத்துக் குடுன்னாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு."

அவள் குனிந்த நிலையில் அப்படியே இருந்தாள். நகம் ரப்பரில் பதிந்தபடி இருந்தது. பிறகு நிமிர்ந்து, இந்த நாலையும் மாட்டிவிடுங்கள் என்று பாயிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. மாட்டி முடிக்கும் வரை நான் கடை வாசலில் நின்று, போகிற வருகிற லாரிகளின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் தயாரானதும், ஏறு என்றாள். ஏறினேன். வீட்டுப் பக்கம் திரும்பாமல் வடக்கே விட்டாள். ரோட்டில் டயர் பட்டும் படாமலும் ஓடுவது போல இருந்தது. உறுமல் போய்விட்டிருந்தது. ஸ்டீரிங்கை ஒரு கையால் பிடித்திருந்தாள். கடல் தெரிய ஆரம்பித்ததும் பேசினாள். பயந்தாயா என்று கேட்டாள். நான் விரிசல், சறுக்கல், ரப்பர் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"சக்கரத்தப் பத்திப் பேசாத. பயந்தியா இல்லியா?"

"பயந்தேன்."

கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அவள் புருவம் மேலே ஏறியிருந்தது. நான் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். திருவொற்றியூர் வளைவு தூரத்தில் தெரிந்தது.

"பயமா கீது" என்றேன்.

அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கார் வேகம் குறைந்து, வளைவில் நிதானமாகத் திரும்பியது. ஏன் என்று கேட்கவில்லை, சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இரண்டு சொல்லில் முடிகிற காரியத்துக்கு நான் நாலு வேன் டயரைத் தேடிப் போயிருக்கிறேன். பாய் டயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். அவளுடைய மூன்று மாதக் காலைகளை எந்தக் கடையில் போய் நான் மாற்றுவது? அதை அவளிடம் சொன்னேன். தப்பு என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள். கொஞ்ச தூரம் அந்த மெதுவிலேயே போனோம். எனக்கே பொறுக்கவில்லை. இப்போ போ என்றேன்.

எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு தடவை பயமாக இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு தடவையும் குறைத்தாள்.